உஷார்! ஊரிலிருந்து வந்த ஊசி உங்கள் வீட்டில் இருக்கிறதா?

வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருக்கிறாரா? இன்சுலின் போடுகிறவரா? அண்மையில் யாராவது தமிழ்நாட்டுக்குப் போய்வந்தார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் இதை அப்புறம் படிக்கலாம். முதலில் எழுந்துபோய் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள்.

சிவப்பு மூடி போட்ட ஊசி இருக்கிறதா?

இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். யாரும் தொடக் கூடாது. இனி உட்கார்ந்து படியுங்கள்.

சுங்கை பாக்காப்பில் ஒரு தாமானில் நடந்தது இது. பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. தினமும் மாலையில் 16 யூனிட் இன்சுலின். கிளினிக்கில் கொடுத்த பேனா ஊசியில்தான் போட்டுக்கொள்வார். அன்றைக்குப் பேனா இறுகிக்கொண்டது. அழுத்தினால் இறங்கவில்லை. கிளினிக் மூடியாயிற்று. மகனுக்கு பத்து காவான் தொழிற்சாலையில் இரவு வேலை. மருமகளுக்கு ஒரு யோசனை. பழனி, மதுரை என்று கோயில் சுற்றப் போயிருந்தபோது அங்கே மருந்துக் கடையில் ஒரு கட்டு ஊசி வாங்கி வந்திருந்தார்கள். விலை மலிவு, எதற்கும் இருக்கட்டுமே என்று வாங்கியது. பேனாவுக்குள் இருந்த மருந்துக் குழாயில் அந்த ஊசியைக் குத்தி உறிஞ்சினார். ஊசியின் மேல்தான் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறதே! 16இல் நிறுத்தினார். மாமியாருக்குப் போட்டார்.

அலட்சியமாகச் செய்யவில்லை. ஒரு கோடு கூடிவிடக் கூடாது என்று விளக்கடியில் நின்று, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பார்த்துப் பார்த்து உறிஞ்சினார்.

உள்ளே போனது 16 யூனிட் அல்ல. 40 யூனிட்.

சாப்பாடு ஆயிற்று. பத்து மணி வாக்கில் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மருமகள் அப்போதும் சரியானதைத்தான் செய்தார், விரலைக் குத்தி இரத்தம் பார்த்தார். ஆனால் அந்தச் சோதனைக் கருவியும் அதே பயணத்தில், அதே பையில் வந்தது. திரையில் 52 என்று காட்டியது.

"அஞ்சு புள்ளி ரெண்டு. நல்லாத்தான் இருக்கு அத்தை. அசதியா இருக்கும், படுங்க."

படுக்க வைத்துவிட்டார். உயிர் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மிஸ்ஸி ஒருவர் இருந்தார். ஏதோ சந்தேகத்தில் மருமகள் போய்க் கூப்பிட, வந்து கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அலறிவிட்டார். அம்மாவுக்கு இன்னும் விழுங்குகிற நினைவு இருந்தது. சீனித் தண்ணீர் கொடுத்து, 999க்கு அழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். மிஸ்ஸி அன்று வீட்டில் இல்லாதிருந்தால்?

இப்போது கணக்கைக் கேளுங்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இன்சுலின் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. இங்கே நாம் பார்க்க வேண்டியவை இரண்டு. யு-100 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். யு-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். நம் கிளினிக்கில் தருவது யு-100. இந்தியாவில் பேனாவுக்குரிய குழாய்கள் யு-100தான், ஆனால் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யு-40. அந்தப் புட்டிக்கென்றே கோடு போட்ட ஊசி சிவப்பு மூடியில் வரும். யு-100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் 16 என்ற கோடு வரை உறிஞ்சினால் 0.4 மில்லிலிட்டர் வரும். அதில் யு-40 இருந்தால் 16 யூனிட். யு-100 இருந்தால் 40.

இரண்டரை மடங்கு. ஒரே கோடு. ஒரே ஊசி.

தலைகீழாக நடந்தாலும் ஆபத்துதான். தமிழ்நாட்டுக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்துபோய், அங்கே புட்டி வாங்கி, இங்கிருந்து கொண்டுபோன ஆரஞ்சு மூடி ஊசியில் 16 கோடு வரை போட்டால் உள்ளே போவது 6.4 யூனிட் மட்டுமே. அது உடனே தெரியாது. நாலைந்து நாளில் சீனி ஏறி, வாய் வறண்டு, மயக்கமாகி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்கப் போனவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பார்.

ஏன் இப்படி இரண்டு வைத்திருக்கிறார்கள் என்று கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வருகிறது. இன்சுலின் 1921இல் டொரொண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அதைச் சுத்தமாகப் பிரித்து நிறுக்க முடியவில்லை. அதனால் கிராமில் சொல்ல வழியில்லை. பட்டினி போட்ட முயலுக்கு மருந்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் சீனி இறங்கி இழுப்பு வரும் நிலைக்கு எவ்வளவு மருந்து தேவைப்பட்டதோ அதை வைத்து யூனிட்டைக் கட்டினார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த அளவு பிறந்ததே சீனி இறங்கித் துடித்த ஒரு பிராணியிடமிருந்து. பிறகு யு-20, யு-40, யு-80 என்று பல அடர்த்திகள் கடைக்கு வந்தன. மக்கள் குழம்பினார்கள், மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் 1970களிலும் 80களிலும் பல நாடுகள் ஒரேயடியாக யு-100க்கு மாறின. இந்தியாவில் யு-40 புட்டி இன்னும் இருக்கிறது. அங்கேயே வாங்கி, அங்கேயே போட்டுக்கொள்பவருக்கு அதனால் தொல்லை இல்லை. கடல் தாண்டும் பைதான் இரண்டையும் கலக்கிறது.

அடுத்தது அந்த 52.

தமிழ்நாட்டில் இரத்தச் சீனியை மில்லிகிராமில் சொல்கிறார்கள். கருவியில் எம்.ஜி./டி.எல். என்று சின்ன எழுத்தில் இருக்கும். நாம் மில்லிமோலில் சொல்கிறோம். எம்மோல்/எல் என்று இருக்கும். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண். அவர்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண். நம் 4 அங்கே 72. நம் 7 அங்கே 126. நம் 10 அங்கே 180. அந்த அம்மாவின் 52 நம் கணக்கில் 2.9. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று கிளினிக்கில் தொண்டை வறளச் சொல்கிறார்கள். இது மூன்றுக்கும் கீழே.

பழைய அளவுகளை ஒழித்து மெட்ரிக் வந்தால் எல்லாக் குழப்பமும் தீரும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். பிரான்சில் 1799இல் பிளாட்டினத்தில் மீட்டர் கோலும் கிலோகிராம் கட்டியும் வார்த்து வைத்தார்கள். 1875 மே 20ஆம் தேதி பாரிசில் 17 நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1958 அக்டோபர் 1 முதல் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. இங்கே 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் நம்மை அந்தப் பக்கம் திருப்பியது. எல்லாம் நல்லதற்கே. ஆனால் மில்லிகிராமும் மெட்ரிக்தான், மில்லிமோலும் மெட்ரிக்தான். ஒரே முறைக்குள்ளேயே இரண்டு வழக்கம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

புள்ளி இல்லாத எண் திரையில் வந்தால், நில்லுங்கள். மில்லிமோல் கருவி எப்போதும் புள்ளி வைத்துத்தான் காட்டும். 5.2 என்பதில் புள்ளி கண்ணுக்குத் தெரியும். 52இல் தெரியாதது உங்கள் கண்ணாடியின் குற்றமில்லை. அங்கே புள்ளியே இல்லை. நீங்களாக மனத்துக்குள் ஒரு புள்ளியை வைத்துவிடாதீர்கள்.

சீனி இறங்கும்போது உடம்பு என்ன சொல்லும் தெரியுமா? காரணமில்லாத வேர்வை, அதுவும் குளிர்ந்த வேர்வை. கை நடுக்கம். நெஞ்சு படபடப்பு. திடீர்ப் பசி. அடங்கிய சுபாவமுள்ளவர் எரிந்து விழுவார், கலகலப்பானவர் வெறித்துப் பார்ப்பார். பேச்சு குழறும். வயதானவர்களிடம் இதை "தூக்கக் கலக்கம்" என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திவிடுகிறோம். இன்சுலின் போட்டவர் தூக்கக் கலக்கமாக இருந்தால், தூங்க விடாதீர்கள். எழுப்பிச் சோதியுங்கள். கருவியில் சந்தேகம் இருந்தால் எண்ணை விடுங்கள், உடம்பை நம்புங்கள். விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிப் பயணத்தை நிறுத்தியும் விடாதீர்கள். சீனித் தண்ணீர் சீக்கிரம் கரைந்துவிடும், கூடுதலாகப் போன இன்சுலின் இரவெல்லாம் வேலை செய்யும்.

வருகிற பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுத்தவர்கள் கேளுங்கள். பேனா, ஊசி முனை, மருந்து எல்லாம் போகிற நாளுக்கும் கூடுதலாக இங்கிருந்தே கொண்டுபோங்கள். கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் போட்டால் மருந்து உறைந்து கெட்டுப்போகலாம். கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள். அங்கே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அறிக்கையை இங்கே வந்து எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், தாளையே காட்டுங்கள். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் அங்கே 1.2 என்று இருந்தால் இங்கே அது 106. வாட்ஸ்அப்பில் "எனக்கு 106" என்று அனுப்பி ஊரில் ஒரு சித்தப்பாவை அழ வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இனிப்பு நீர் இல்லாத வீடா? தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பேரப்பிள்ளை இருக்கிறதா?

காய்ச்சல் மருந்துப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பாராசித்தமோல் மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. இரண்டும் ஒரே மாதிரி வண்ணப் பெட்டி, ஒரே மாதிரி ஸ்ட்ராபெரி வாசம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் வைத்திருக்கும். எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம்தான் கணக்கு. "போன தடவை ஒரு கரண்டி கொடுத்தோம், இந்தத் தடவையும் ஒரு கரண்டி" என்று 250ஐ ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. காய்ச்சல் இறங்கவில்லையே என்று மறுபடி மறுபடி கொடுத்தால்? கல்லீரல் கெட்டுப்போகும்.

அந்தக் கரண்டியும் எந்தக் கரண்டி? தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. நம் சமையலறை இழுப்பறையில் கிடப்பது இரண்டும் இல்லை, பாத்திரம் வாங்கியபோது இலவசமாக வந்தது. அதன் அளவு அதைச் செய்தவனுக்கே தெரியாது. பால் டின்னால் அரிசி அளந்து வளர்ந்தவர்கள் நாம். நாலு சுப்பாக் ஒரு கந்தாங், ஒரு கந்தாங் நாலரை லிட்டர் சொச்சம் என்று பாட்டிகள் கையாலேயே அளந்தார்கள். சோற்றில் ஒரு பிடி கூடினால் நாய்க்குப் போகும். மருந்தில் கூடினால் குழந்தைக்குள் போகிறது. மருந்தகத்தில் மில்லிலிட்டர் கோடு போட்ட வாய்வழிப் பீச்சி கேளுங்கள். அதோடு குழந்தையின் எடையைக் கிலோவில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எல்லா மருந்தும் அந்த எடைக்குத்தான்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்த மருத்துவச் சீட்டில் "குன்றிமணி எடை" என்று இருந்தால் ஏறக்குறைய 130 மில்லிகிராம் என்று பொருள். எடைக்கல்லாக இருந்த விதை அது. அந்த விதையை அரைத்துச் சேர்க்கச் சொல்லவில்லை! குன்றிமணி கடும் நஞ்சு. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் விளையாடக் கொடுப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

படிக்காதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1983 ஜூலை 23ஆம் தேதி ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 69 பேரோடு 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குரிய எண்ணைப் போடாமல் பவுண்டுக்குரிய எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஏறியது பாதிக்கும் குறைவு. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில், கார்ப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த இடத்தில், எஞ்சின் ஓடாமலே விமானி இறக்கினார். யாரும் சாகவில்லை. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய கலத்துக்கு 1999இல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு குழு பவுண்டில் கணக்குக் கொடுக்க, இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொள்ள, கலம் தொலைந்துபோனது. விஞ்ஞானிகளுக்கே இந்தக் கதி.

பணம் போகிற கதைகளும் உண்டு. உயிர் போகவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாசாரில் மீன்காரர் 12 ரிங்கிட் என்கிறார். மலிவு! வாங்கிவிட்டு வருகிறீர்கள். கிலோவுக்கா காத்திக்கா என்று கேட்டீர்களா? ஒரு காத்தி 604.79 கிராம்தான். காத்தி 12 ரிங்கிட் என்றால் கிலோ 19 ரிங்கிட் 84 காசு. டுரியான் காலத்தில் இன்னும் மோசம், வாசத்தில் புத்தி மயங்கிக் கிடக்கும்போது யார் கணக்குப் போடுவது? தராசில் அவ்வாண்டு முத்திரை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சந்தேகம் என்றால் பையில் இருக்கிற ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்து, "இதைக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்க அண்ணே" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நகை வாங்கப் போகிறீர்களா? நமக்கு ஒரு பவுன் 8 கிராம். ஹட்யாய் போனால் அவர்கள் பாட் என்று விலை சொல்வார்கள், நகைக்கு அது 15.16 கிராம். மலாய்க்காரர்களின் மாயம் 3.37 கிராம். எந்தக் கடையானாலும் இரசீதில் கிராமும் தங்கத்தின் தரமும் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நிலம்தான் பெரிய குழி. செபராங் பிறை 1800இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய மண். பிறகு கரும்புத் தோட்டம் வந்தது, நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள், சீனியைப் பிக்குலில் நிறுத்தார்கள். 100 காத்தி ஒரு பிக்குல், 60 கிலோ சொச்சம். கெடாக்காரர்களுக்கு நிலக் கணக்கு ரெலோங். கம்பெனிக்காரர்களுக்கு ஓர்லோங். காதில் ஒன்றுபோல விழுகிறது, தரையில் ஒன்றில்லை. பினாங்கில் கம்பெனி வைத்திருந்த ஓர்லோங் பக்கத்துக்கு 240 அடி, மொத்தம் 57,600 சதுர அடி, ஏக்கரைவிடப் பெரியது. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் நெல் வயலுக்கும் செம்பனைக்கும் சொல்கிற ரெலோங் 30,976 சதுர அடி. ஏக்கரில் 0.71 பங்குதான். மூன்று ரெலோங் என்று தரகர் சொல்ல, மூன்று ஏக்கர் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 38,000 சதுர அடி காணாமல் போகிறது. பல வீடு கட்டுகிற நிலம்!

களைக்கொல்லிக்கும் இதே வம்பு. புட்டியில் ஹெக்டருக்கு இவ்வளவு என்று இருக்கும், ஒரு ஹெக்டர் ஏறக்குறைய மூன்றரை ரெலோங். ஹெக்டருக்கு உரியதை ஒரே ரெலோங்கில் அடித்துவிட்டு மூச்சுத் திணறி உட்காராதீர்கள். அதை அளந்த பால் டின்னைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவர்கள் சென்ட் 435.6 சதுர அடி, கிரவுண்டு 2,400 சதுர அடி என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வாங்குகிறவர்கள் கெரானைக் கையில் வாங்கி, அதில் ஹெக்டரிலோ சதுர மீட்டரிலோ இருக்கிற எண்ணைப் பாருங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சரிபார்க்கலாம். அதற்கு முன் முன்பணம் ஒரு காசு கொடுக்காதீர்கள். "எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அக்கா" என்று தரகர் சொன்னால், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.